வீட்டில் முதிய பெற்றோருக்குத் துணையாள்: தேவையை அறிதல், ஆள் அமர்த்துதல், செலவைப் பகிர்தல்

செந்துறை வட்டாரத்தில் வயது முதிர்ந்த தாய் தந்தையரை மருத்துவமனைக்கு அழைத்து வரும் பிள்ளைகள், மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்ட பிறகும் சற்றுத் தயங்கி நின்று ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு: வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் கிடைப்பாரா, மாதம் எவ்வளவு ஆகும்? முந்திரியையும் மானாவாரிப் பயிரையும் நம்பிய ஊர்கள் இவை. பிள்ளைகளில் ஒருவர் சென்னையிலும், ஒருவர் திருப்பூரிலும், இன்னொருவர் வளைகுடா நாட்டிலும் பிழைப்பது இங்கு வழக்கமாகிவிட்டது. ஊரில் இருப்பவர்கள் முதியவர்கள் இருவர். சில வீடுகளில் கூடவே ஒரு மருமகள்.

பெரும்பாலான வீடுகளுக்குத் தேவைப்படுவது நாளின் குறிப்பிட்ட சில மணி நேரங்களில் தூக்கவும் துடைக்கவும் ஊட்டவும் உதவும் ஒரு பழகிய ஆள். செவிலியர் மட்டுமே செய்ய வேண்டிய பணிகள் இதைவிட மிகக் குறைவு. அவற்றிற் பலவற்றை அரசு சுகாதாரத் துறை கட்டணமின்றி வீட்டுக்கே வந்து செய்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் "முழுநேர நர்ஸ்" ஒருவரை அமர்த்தும் குடும்பம் சில மாதங்களில் சேமிப்பைத் தீர்த்துவிட்டு, பிறகு ஆளே இல்லாமல் நிற்கிறது. அவ்வாறு நேர்கையில் படுக்கைப்புண்ணோடு முதியவர் எங்களிடம் வந்து சேர்கிறார்.

முதலில் மூன்று நாள் குறிப்பு

ஆளைத் தேடும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று நாட்களுக்கு, இரவையும் சேர்த்து, பெற்றோருக்கு எந்த நேரத்தில் என்ன உதவி தேவைப்பட்டது, எத்தனை நிமிடம் ஆயிற்று, யார் செய்தார் என்று எழுதி வாருங்கள். படுக்கையிலிருந்து எழுதல், கழிப்பறை, குளியல், உடை, உணவு, மாத்திரை, நடை ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்கவும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் கேட்டு இதனை எழுதக்கூடாது. "எனக்கு ஒன்றும் குறையில்லை" என்றுதான் எந்தத் தாயும் தொலைபேசியில் சொல்வார். உடனிருப்பவர் எழுத வேண்டும், அல்லது நீங்களே விடுப்பில் வந்து மூன்று நாள் தங்கி எழுத வேண்டும்.

எழுதிப் பார்த்தால் பல வீடுகளில் ஒரே அமைப்புத் தெரியும். விடியற்காலை 5 மணி முதல் 9 மணி வரை வேலை குவிந்திருக்கும். நண்பகலில் உணவுக்காக அரை மணி நேரம். அந்தி நேரத்தில் ஒரு மணி நேரம். பிறகு இரவில் சிறுநீர் கழிக்க இரண்டு மூன்று முறை எழுந்திருத்தல். காலை 9 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குச் செல்லும் ஓர் ஆளை அமர்த்தும் குடும்பம், முதியவர் தூங்கும் நேரத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவர் தடுமாறி நடக்கும் நேரத்தில் ஆளில்லாமல் இருக்கிறது.

இக்குறிப்பை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டவும். சில தேவைகளை ஆள் இல்லாமலே குறைக்க இயலும். இரவில் பலமுறை சிறுநீர் கழிப்பவர், உடலிலுள்ள நீரை வெளியேற்றும் மாத்திரையை மாலையில் உட்கொள்பவராக இருக்கலாம். மருத்துவர் அதனைக் காலைக்கு மாற்றினால் இரவில் எழுவது குறையக்கூடும். எழுந்தவுடன் தலைசுற்றல் வருபவருக்கு இரத்த அழுத்த மருந்தின் அளவை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கலாம். கண்புரையால் பார்வை மங்கியவருக்கு அறுவை சிகிச்சை செய்தால் அவர் தாமே உண்ணவும் நடக்கவும் தொடங்குவதுண்டு. இவற்றை மருத்துவரிடம் கேட்டே செய்க. மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம்.

நம் ஊர் வீடுகளில் கழிப்பறை பெரும்பாலும் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. இரவில் அங்கே செல்லும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பலர் மீண்டும் பழையபடி நடப்பதில்லை. கட்டிலருகே வைக்கும் கமோடு நாற்காலி, அணையாத ஒரு சிறு விளக்கு, சுவரில் ஒரு கைப்பிடி ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவு, ஓர் உதவியாளுக்கு ஒரு மாதம் கொடுக்கும் ஊதியத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஆள் அமர்த்துவதற்கு முன் இதனைச் செய்துவிடுங்கள்.

செவிலியர் செய்ய வேண்டியதும் துணையாள் செய்யக்கூடியதும்

சிறுநீர்க் குழாயை மாற்றுதல், மூக்கு வழியாகச் செலுத்திய உணவுக் குழாயை மாற்றுதல், ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுதல், நரம்பு வழி மருந்து ஏற்றுதல் ஆகியவை பயிற்சி பெற்றுப் பதிவு செய்த செவிலியரின் பணிகள். இவற்றைத் துணையாளிடம் விடக்கூடாது. ஒருவர் தம்மைச் செவிலியர் என்று கூறினால், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்கவும். வெள்ளைச் சீருடை மட்டும் சான்றாகாது.

குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், உணவூட்டுதல், கை கால்களை நீட்டி மடக்கச் செய்தல், குடும்பத்தார் வேளை வாரியாகப் பிரித்து வைத்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தல் ஆகியவற்றை அக்கறையுள்ள எவரும் கற்றுச் செய்யலாம். இன்சுலின் ஊசி போடுவதையும், குழாய் வழியே கஞ்சி செலுத்துவதையும் செவிலியர் கற்றுக் கொடுத்தால் குடும்பத்தில் ஒருவர் செய்ய இயலும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் இப்பயிற்சியைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. செவிலியர் முன்னிலையில் ஒருமுறையாவது நீங்களே செய்து காட்டிய பிறகு புறப்படுங்கள்.

துணையாளுக்கு இரண்டு செய்திகளைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும். முதலாவது: தாமாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பின் பின்புறம், குதிகால், தோள்பட்டை ஆகிய இடங்களில் தோல் சிவந்து, விரலால் அழுத்தியும் வெளிறாமல் இருந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று பொருள். காற்று மெத்தை உதவும். ஆனால் மெத்தை வாங்கிவிட்டோம் என்று புரட்டாமல் விடுவது நாங்கள் அடிக்கடி காணும் தவறு. இரண்டாவது: படுத்த நிலையில் உணவோ நீரோ கொடுக்கக்கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு வாயாக ஊட்டி, முடிந்த பின்னும் அரை மணி நேரம் உட்கார்ந்தபடியே இருக்கச் செய்ய வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் தொற்று ஏற்படும் அபாயம் அதிகம்.

கட்டணமின்றி வீட்டுக்கு வருபவை

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார். படுக்கையிலிருப்பவர்களுக்கு நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும், பக்கவாதம் அல்லது எலும்பு முறிவுக்குப் பின் அசைவு குறைந்தவர்களுக்கு இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகின்றனர். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாய் பராமரிப்பு, வலி தணிக்கும் சிகிச்சை ஆகியவற்றுக்குத் தனியாருக்குப் பணம் கொடுக்கும் முன், உங்கள் ஊர் கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ பெற்றோரின் பெயரைப் பதிவு செய்யுங்கள். நோய் ஆதரவுச் சிகிச்சை என்பது இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று எண்ணிப் பலர் மறுத்துவிடுகின்றனர். பக்கவாதம், முற்றிய மூட்டுவாதம், மறதி நோய் உள்ளவர்களுக்கும் அது உரியது.

இச்செவிலியர் நாள்தோறும் வருபவர் அல்லர். ஒரு வட்டாரத்தின் ஊர்கள் அனைத்துக்கும் முறை வைத்துச் செல்பவர். ஆகவே அன்றாடப் பணிகளை அவரிடம் எதிர்பார்க்க இயலாது. அவர் வரும் நாளில் துணையாளும் உடனிருந்து கற்றுக்கொள்ளும்படி ஏற்பாடு செய்வதே அறிவுடைமை.

நியாயவிலைக் கடைக்குச் செல்ல இயலாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2025-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் தாயுமானவர் திட்டத்தின்கீழ் பொருள்கள் வீட்டுக்கே வருகின்றன. 70 வயதைக் கடந்தவர்களுக்கு அடிப்படை வங்கிச் சேவைகளை வீட்டு வாசலில் வழங்க முயலுமாறு ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. உங்கள் வங்கிக் கிளையில் கேளுங்கள். கடைக்கும் வங்கிக்கும் செல்வதற்கென்றே ஓர் ஆளுக்குப் பணம் கொடுத்து வருபவர்களுக்கு இவை சிறிதேனும் மிச்சப்படுத்தும்.

ஆளைத் தேடுதல்

செந்துறை போன்ற ஊர்களில் நகரத்து நிறுவனத்தைவிட உள்ளூர் வழியே நன்று என்பது என் கருத்து. மகளிர் சுய உதவிக் குழுக்கள், அங்கன்வாடிப் பணியாளர், சுகாதாரத் தன்னார்வலர் ஆகியோருக்கு எந்த வீட்டில் யார் இதற்கு முன் தம் மாமியாரையோ தாயையோ படுக்கையில் வைத்துப் பார்த்தார் என்பது தெரியும். அந்த அனுபவம் சான்றிதழைவிட மதிப்புடையது. ஆண் முதியவருக்கு ஆண் துணையாள் வேண்டுமெனில் தேடல் கடினமாகும், முன்கூட்டியே தொடங்கவும். சித்திரை, வைகாசி மாதங்களில் முந்திரி அறுவடைக்கு ஆட்கள் சென்றுவிடுவதால் அப்போது ஆள் கிடைப்பது அரிது. அக்காலத்துக்கு மாற்று ஏற்பாட்டை மாசியிலேயே பேசி வையுங்கள்.

திருச்சியிலோ சென்னையிலோ உள்ள நிறுவனத்தின் வழியாக அமர்த்துவதானால் சிலவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்: வருபவர் செவிலியரா, உதவியாளரா; 12 மணி நேரப் பணியா, தங்கிச் செய்யும் பணியா; முன்பணம் திரும்பக் கிடைக்குமா; வந்தவர் திடீரென நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள் வருவார்; நீங்கள் செலுத்தும் தொகையில் அவர் கைக்குச் சேர்வது எவ்வளவு. கடைசிக் கேள்வியைக் கேட்பவர் குறைவு. கைக்கு வருவது மிகக் குறைவாக இருந்தால் அந்த ஆள் நீடிக்கமாட்டார் என்பதை முன்னரே அறிந்துகொள்ளலாம். "24 மணி நேரமும் ஒரே ஆள்" என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். இரவில் மூன்று முறை எழுபவர் பகலில் தூங்கியே ஆக வேண்டும். அவர் தூங்கும்போதுதான் முதியவர் விழுகிறார்.

யாராக இருப்பினும் ஆதார் நகலையும் முகவரியையும் பெற்றுக்கொள்ளவும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டுப் பணியாளரின் முன்வரலாற்றைச் சரிபார்க்கக் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். முதல் ஒரு வாரம் குடும்பத்தார் ஒருவர் உடன் இருக்க வேண்டும். நகை, வீட்டுப் பத்திரம், ஏடிஎம் அட்டை ஆகியவற்றை முதலிலேயே வேறிடத்தில் வைத்துவிட்டால் பின்னர் சந்தேகப்படவும் வேண்டியதில்லை, ஒருவர் மீது வீண்பழி சுமத்தவும் நேராது.

ஊதியமும் மாதக் கணக்கும்

வீட்டு வேலை தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்படும் தொழில்களுள் ஒன்று. வீட்டுப் பணியாளர்களுக்கென நல வாரியமும் உள்ளது. துணையாள் அவ்வாரியத்தில் பதிவு செய்துகொள்ள நீங்கள் உதவலாம். நடப்பு ஊதிய விகிதத்தைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டறிந்து, அதற்குக் குறையாமல் பேசவும்.

மாதச் செலவை எவ்வாறு கணக்கிடுவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மணி நேரத்துக்கு ரூ.80 என்று வைத்துக்கொள்வோம். இது கணக்கு விளங்குவதற்காக எடுத்த எண்ணே தவிர, பரிந்துரைக்கும் ஊதியம் அன்று. காலையில் 3 மணி நேரமும் மாலையில் 1 மணி நேரமும் என நாளொன்றுக்கு ரூ.320. மாதம் 26 நாட்களுக்கு ரூ.8,320. துணையாளின் 4 விடுப்பு நாட்களில் வரும் மாற்று ஆளுக்கு ரூ.1,280. டயபர், கையுறை, கிருமிநாசினி போன்றவற்றுக்கு ரூ.2,000. தீபாவளிக்கு அல்லது பொங்கலுக்கு ஒரு மாத ஊதியம் கொடுப்பதாக இருந்தால் அதனைப் பன்னிரண்டாகப் பிரிக்க மாதம் ஏறத்தாழ ரூ.700. ஆக மொத்தம் ரூ.12,300. விடுப்பையும் பண்டிகையையும் கணக்கில் சேர்க்காத குடும்பங்களில்தான் மூன்றாம் மாதம் மனக்கசப்பு வருகிறது.

இதனை மூன்று பிள்ளைகள் மூன்றாகப் பிரித்து ஆளுக்கு ரூ.4,100 கொடுப்பது நேர்மையான பங்கீடாகத் தோன்றும். ஆனால் இரவில் எழுந்து மாமியாரைத் தூக்கும் மருமகளின் உழைப்பு அக்கணக்கில் இல்லை. அவர் நாளொன்றுக்கு 2 மணி நேரம் செய்கிறார் என்றால், அதே ரூ.80 வீதம் 30 நாட்களுக்கு ரூ.4,800 ஆகிறது. அதனையும் சேர்த்தால் உண்மையான செலவு ரூ.17,100, பங்கு ஒன்றுக்கு ரூ.5,700. ஊரில் உள்ள மகனின் குடும்பம் ரூ.4,800-ஐ உழைப்பாகவே செலுத்திவிட்டது. அவர்கள் கொடுக்க வேண்டியது ரூ.900 மட்டுமே. மற்ற இருவரும் ஆளுக்கு ரூ.5,700 கொடுக்க வேண்டும். இக்கணக்கைக் குடும்பத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். பணமாகக் கொடுக்காவிட்டாலும், ஆண்டுக்கு இரு வாரமாவது வெளியூர்ப் பிள்ளைகள் வந்து தங்கி அம்மருமகளை விடுவிப்பது மருத்துவ நோக்கிலும் தேவை. தூக்கமின்றிப் பார்த்துக்கொள்பவருக்கு இரத்த அழுத்தமும் மனச்சோர்வும் வருவதை நாங்கள் காண்கிறோம். அடுத்த நோயாளியாக அவரே வந்து நிற்கிறார்.

பணம் வரும் வழிகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. வீட்டுத் துணையாளின் ஊதியத்தை அது ஏற்காது. தனியார் காப்பீடுகளிலும் பெரும்பாலும் இதே நிலைதான். வீட்டிலேயே பெறும் மருத்துவச் சிகிச்சைக்கு அவற்றுட் சில இழப்பீடு தரும்; குளிப்பாட்டவும் ஊட்டவும் வரும் ஆளுக்குத் தருவது வேறு. முகவர் கூறுவதை விட்டு, ஆவணத்தில் உள்ளதைப் படித்துப் பார்க்கவும்.

ஆதரவற்ற முதியோருக்கான மாத ஓய்வூதியம் 2023-ஆம் ஆண்டில் ரூ.1,000-இலிருந்து ரூ.1,200 ஆக உயர்த்தப்பட்டது. வட்டாட்சியர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு தகுதியை ஆராய்ந்து முடிவு செய்யும். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். பக்கவாதத்தால் கை கால் செயலிழந்தவர்களும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெறத் தகுதியுடையவராக இருக்கலாம். "வயதானவருக்கு எதற்கு அந்த அட்டை" என்று பலர் விட்டுவிடுகின்றனர். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கும், பார்க்கின்சன் உள்ளிட்ட சில நோய்களுக்கும் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் ரூ.2,000. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கவும். சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்ற உபகரணங்களைப் பற்றியும் அங்கேயே கேட்கலாம்.

வருமான வரி செலுத்தும் பிள்ளைகள், பழைய வரி முறையில் இருந்தால், தம்மைச் சார்ந்துள்ள மாற்றுத்திறனாளிப் பெற்றோரின் மருத்துவம் மற்றும் செவிலியப் பராமரிப்புக்காகக் கழிவு பெறலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80டிடி என்று அறியப்பட்ட பிரிவின்படி இது ரூ.75,000, கடும் பாதிப்பெனில் ரூ.1,25,000. இதற்கும் மருத்துவச் சான்று வேண்டும்.

நிலத்தை எழுதிக் கொடுக்கும் முன்

"அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், காட்டை என் பெயருக்கு எழுதிவிடுங்கள்" என்ற பேச்சு எழாத ஊர் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயம் செல்லாததாக அறிவிக்க முடியும். அந்நிபந்தனை தான செட்டில்மென்ட் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் வழக்கு எளிதாகும். வாய்ப்பேச்சை நம்பினால் பின்னர் நிரூபிக்கப் பாடுபட வேண்டும். வாழ்நாள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வசதியிருந்தும் பிள்ளைகள் உதவாவிட்டால், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. எழுதவோ நடக்கவோ இயலாதவர் சார்பில் அவர் அதிகாரம் அளித்த ஒருவரோ ஓர் அமைப்போ விண்ணப்பிக்கலாம். மகன், மகள், வயது வந்த பேரன் பேத்தி ஆகியோர் இச்சட்டத்தின்கீழ் பொறுப்புடையவர்கள். "பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டோம்" என்பது சட்டத்தின் முன் விலக்காகாது. அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்றும், மாதம் ரூ.10,000 வரை ஆணையிடலாம் என்றும் சட்டம் கூறுகிறது.

எப்போது உடனே அழைக்க வேண்டும்

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல், மார்பு வலி, மூச்சுத் திணறல், விழுந்தபின் காலை ஊன்ற இயலாமை: 108. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரெனக் குழம்பிப் பேசினால் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிட வேண்டாம். சிறுநீர்த் தொற்று, இரத்தச் சர்க்கரை குறைதல், உடலில் நீர் வற்றுதல் ஆகியவை காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டவும். உடலில் விளக்கமில்லாத காயம், துணையாள் வந்ததும் முதியவர் ஒடுங்கிப்போதல், எந்நேரமும் தூக்க மயக்கம் ஆகியவை துன்புறுத்தலின் அல்லது தேவையற்ற தூக்க மருந்தின் அறிகுறியாக இருக்கலாம். மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. மருத்துவ ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104.

இவ்வெண்களையும், மாத்திரைகளின் பட்டியலையும், ஒவ்வாத மருந்தின் பெயரையும், பிள்ளைகளின் கைப்பேசி எண்களையும் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதிக் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டி வையுங்கள். துணையாளுக்கு எழுத்தறிவு குறைவெனில் கைப்பேசியில் முதல் மூன்று எண்களாக அவற்றைப் பதிந்து கொடுக்கவும். மாத்திரை மாறும் ஒவ்வொரு முறையும் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டவும்.